பத்து மாதச் சோறு

மாரிக்குப்பத்திலிருந்து அதிகாலையில் புறப்படும் பெங்களூர் ரயிலில், கோடை பிறந்ததும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரைப் புதிதாகக் காண்கிறோம். அவர்கள் நாட்கூலிக்குப் போகிறவர்கள். 2001-ல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் நம்மவர் பலரும் பிழைப்புக்கு ஏறும் அதே ரயில்தான்.

இவர்களிலும் உபகாரச் சம்பளம் பெறுகிறவர்கள் உண்டு. பின் ஏன் கூலி வேலை? கர்நாடக அரசின் வித்யாசிரி திட்டத்தைப் பாருங்கள். அரசு விடுதியில் இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு, உணவுக்கும் உறைவிடத்துக்குமாக மாதம் 1,500 ரூபாய் என்று தொடக்கத்தில் அது வகுக்கப்பட்டது. ஆனால், ஆண்டுக்குப் பத்து மாதங்களே! எஞ்சிய இரு மாதமும் வயிறும் விடுமுறையில் இருக்கும் என எண்ணினார்கள் போலும். தவறிய பாடத்தைக் கோடை வகுப்பில் முடித்துவிட விரும்பும் ஏழை மாணவன் அங்கேதான் தடுமாறுகிறான்.

ஒரு வழி உண்டு. 1934-ல் சர் சி. வி. ராமன் பெங்களூரில் நிறுவிய இந்திய விஞ்ஞான அகாதமி, வேறு இரு அகாதமிகளோடு சேர்ந்து, கோடையில் இரண்டு மாதம் ஆராய்ச்சி பழகும் மாணவர்க்கு உதவித்தொகை அளிக்கிறது. அங்கே பார்ப்பது தகுதியை, வறுமையை அன்று. விண்ணப்பமும் முந்திய ஆண்டின் இறுதிக்குள் போய்ச் சேரவேண்டும். ஏப்ரலில் விசாரித்துப் பயனில்லை.

மற்றப் பிள்ளைகளுக்கு? லைன் வீடுகளில் சீட்டுக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாம். சங்கத்தின் பெயரால் கோடைக்கென ஒரு சீட்டுத் தொடங்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம். தங்கள் இல்லத்தில் கோடை வகுப்புக்குச் செல்லும் பிள்ளை இருப்பின், அதற்குமுன் சொல்லியனுப்புங்கள்.