இழப்பீட்டு நிதியும் உள்ளாட்சி மன்றங்களும்

வலியைத் தணிக்க வந்த மருந்தே ஊரை அழிக்கும் நோயாக மாறினால், அதற்கு ஈடாக வரும் பொருளை எவ்வாறு செலவிடுவது? ஐக்கிய அமெரிக்க நாட்டின் உள்ளாட்சி மன்றங்கள் இன்று இவ்வினாவுக்கு விடை காண முயன்று வருகின்றன.

அபினியிலிருந்தும், அதனைப் போன்றே வேலை செய்யும் இரசாயனப் பொருள்களிலிருந்தும் செய்யப்படும் வலி நிவாரணிகள் 1990-களின் பிற்பகுதி முதல் அந்நாட்டில் மிகுதியாக விற்பனையாயின. அவற்றுக்கு அடிமையாகும் அபாயம் குறைவு என்று விளம்பரம் செய்யப்பட்டது. மாத்திரையில் தொடங்கிய பழக்கம் பலரை ஹெராயினுக்கும், பின்னர் ஃபென்டனிலுக்கும் இழுத்துச் சென்றது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் போதைப் பொருள்களை அளவு மீறி உட்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் மரணத்துக்கு அபினி வகைப் பொருள்களே காரணம்.

மாநிலங்களும் நகரங்களும் ஜில்லாக்களும் வழக்குத் தொடுத்தன. 2021-இல் அறிவிக்கப்பட்ட சமரசத்தின்படி மூன்று பெரிய மருந்து விநியோக நிறுவனங்களும் ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் நிறுவனமும் 2,600 கோடி டாலர் வரை கொடுக்க இசைந்தன. விநியோக நிறுவனங்களின் பங்கு 18 ஆண்டுகளில் தவணைகளாக வந்து சேரும். பிற நிறுவனங்களின் உடன்படிக்கைகளையும் கூட்டினால் தொகை 5,000 கோடி டாலரைத் தாண்டும்.

இத்துறையில் கசப்பான முன்னனுபவம் ஒன்று உண்டு. 1998-இல் புகையிலை நிறுவனங்கள் 46 மாநிலங்களுக்கு, முதல் 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. அதில் சிறு பகுதியே புகைப் பழக்கத்தைத் தடுக்கச் செலவாயிற்று. எஞ்சியது பொதுச் செலவில் கரைந்தது. இம்முறை அவ்வாறு நேராதிருக்க, குறைந்தது 85 சதவீதத்தை இத்தீங்கைக் களையும் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு உடன்படிக்கை விதித்தது.

இது நடைமுறையில் இயங்கும் விதத்தை வட கரோலினா மாநிலத்தில் காணலாம். அங்கே நிதியில் 15 சதவீதம் மாநில அரசுக்குரியது. எஞ்சியது 100 ஜில்லாக்களுக்கும் சில நகரங்களுக்கும் சேரும். ஜில்லா ஆட்சிக்குழு அப்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். எப்பணிக்கு, எவ்வளவு தொகை, எவ்வளவு காலத்துக்கு என்பதைத் தீர்மானமாக நிறைவேற்றிய பின்னரே செலவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பொதுமக்கள் வரத்தக்க கூட்டம் கூட்டவும், கணக்கை வெளியிடவும் அது கடமைப்பட்டுள்ளது.

பணிகள் யாவை? மெதடோன், புப்ரெநார்ஃபின் ஆகிய மருந்துகளால் சிகிச்சை அளித்தல். மூச்சு அடங்கும் நிலையில் உயிர் மீட்கும் நலாக்ஸோன் மருந்தை வழங்குதல். சிறையில் இருப்போருக்குச் சிகிச்சை தருதல். மீண்டவர்களுக்கு உறைவிடமும் வேலையும் தேடித் தருதல் ஆகியவை முக்கியமானவை.

எனினும் விதியில் இடைவெளி உண்டு. டென்னஸி மாநிலத்தின் கிரீன் ஜில்லா இருபது லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையைப் பழைய கடனை அடைக்க ஒதுக்கியது. அது நிபந்தனையற்ற பங்காதலின் சட்டம் குறுக்கிடவில்லை. வேறொரு வழியும் உண்டு. முன்பு வரிப்பணத்தில் நடந்த சிகிச்சைக்கு இந்நிதியைக் காட்டிவிட்டு, மிச்சமான வரிப்பணத்தை வேறிடத்துக்கு மாற்றிவிடலாம். கணக்கு நேராக இருக்கும். நோயாளிக்கோ ஒரு படுக்கைகூடக் கூடியிராது.

கோயில் விளக்குக்கு எழுதி வைத்த கட்டளையை மதில் கட்டச் செலவிடலாகாது என்பது நம்மவர் அறிந்த நியதி. இந்நிதியும் அத்தகையதே. இது வருமானமன்று, மாண்டோரின் பெயரால் வந்த பொறுப்பு. புதிதாக என்ன பணி நடந்தது, யார் பயன் பெற்றனர், தவணைகள் நின்ற பின் அப்பணி எவ்வாறு தொடரும் என்ற மூன்று கேள்விகளையும் குடிமக்கள் ஆண்டுதோறும் கூட்டத்திற்குச் சென்று கேட்டால்தான் விதிகள் உயிர் பெறும்.