யார் குனிவது?

பணிவு என்ற சொல் நமக்குக் கசக்கும், தோழர்களே. சேரியிடம் தலைமுறை தலைமுறையாக மிரட்டி வாங்கப்பட்டது அதுதான். யோவான் 13ஆம் அதிகாரத்திலோ துண்டைக் கட்டிக்கொண்டு கால் கழுவுகிறவர் அடிமை அல்ல, குரு. மேலே இருப்பவர் குனிகிறார்.

நம் களம்பூருக்கு வடக்கே, வேலூரில் அப்படிக் குனிந்தவர் ஒருவர் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946இல் சி.எம்.சி.க்கு வந்த அறுவை மருத்துவர். ஊரே தொட அஞ்சிய தொழுநோயாளிகளின் கைகளைத் தன் கையில் ஏந்திப் பார்த்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி செத்துப்போவதால் சூடும் வெட்டும் தெரியாமல் புண்பட்டுத் தேய்கின்றன என்று காட்டினார். தசைநாண்களை இடம்மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். பிச்சைக்கு நீண்ட கை உளி பிடித்தது. இரக்கம் காட்டுவதோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது.

பெரிய வியாழனன்று கால் கழுவிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவரைக் காக்கும் சபைகளும் இதே தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன.