மாத்திரை விற்ற காசில் ஓர் இசைக்கடல்! தெரியுமா?

கோரோசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? பசுவின் பித்தப்பையில் விளைகிற மஞ்சள் கல் அது! பச்சைப் பிள்ளைக்குச் சளி கட்டினால் தாய்ப்பாலில் இழைத்து நாக்கில் தடவிவிடுகிற பாட்டிமார் நாஞ்சில் நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். சரி, அந்தக் கோரோசனையில் மாத்திரை உருட்டி விற்ற ஒருவர், அந்த வருமானத்தைக் கொண்டே தமிழிசைக்கு 1,346 பக்கத்தில் ஒரு நூல் செய்து வைத்துவிட்டுப் போனார் என்பது தெரியுமா?

அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்!

மருந்துவாழ்மலை அடிவாரத்தில் பிறந்து, வைத்தியரை ‘ஆசான்’ என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இவர் அந்நியர் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வடக்கே போனால் தென்காசிச் சீமை. அங்கே சாம்பவர்வடகரையில் 1859 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் பிறந்தவர். பரம்பரைச் சொத்து, பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் கிடையாது. கையில் இருந்தது திண்டுக்கல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த படிப்பு மட்டும்தான். படித்த ஊரிலேயே வாத்தியார் வேலையும் கிடைத்தது. அங்கே சடையாண்டிப் பத்தரிடம் இசையும் கற்றுக்கொண்டார்.

அந்த வாத்தியார் சுருளிமலைக்குப் போனார். கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறதே, அதே சுருளி. மூலிகை தேடிப் போனவருக்கு அங்கே கருணானந்தர் என்ற சித்தர் குருவாக அமைந்தார். வைத்தியம் அவரிடம் கற்றது. அந்த நன்றியைப் பண்டிதர் எப்படிக் காட்டினார் தெரியுமா? மருந்துச் சாலைக்குக் கருணாநிதி வைத்தியசாலை என்று பெயர். வாங்கிய நிலத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயர். எழுதிய நூலுக்குக் கருணாமிர்த சாகரம் என்று பெயர்! கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கடைசிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்த ஒருவர், தம் மருந்துச் சாலை, நிலம், நூல் மூன்றின் மேலும் ஒரு மலைச் சித்தரின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். எத்தனை பெரிய மனது!

1882-இல் கல்யாணம். மனைவி ஞானவடிவு பொன்னம்மாள், அவரும் படித்தவர். மறுவருஷமே இருவரும் தஞ்சாவூருக்குக் குடிபோனார்கள். இருவருக்கும் ஆசிரியர் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு மருந்து அரைப்பதும் உருட்டுவதுமாக வீடே வைத்தியசாலை ஆகிவிட்டது. 1890-இல் வேலையை உதறிவிட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார். மாதச் சம்பளம் தவறாமல் வருகிற உத்தியோகத்தை, அதுவும் அந்தக் காலத்தில், விடுவதென்றால் சும்மாவா? பொன்னம்மாள் கூட நின்றார், பண்டிதர் துணிந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தக் கதையில் அந்த அம்மாளுக்குரிய இடத்தை யாரும் சரியாகக் கொடுக்கவில்லை.

மாத்திரை கடல் கடந்தும் விலைபோனது! பணம் வந்ததும் பண்டிதர் என்ன செய்தார்? 1899-இல் தஞ்சாவூருக்கு வெளியே ஏறக்குறைய நூறு ஏக்கர் நிலம் வாங்கி மூலிகை பயிரிட்டார். மருந்துக்கு வேண்டிய பச்சிலை தம் மண்ணிலேயே விளைய வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊர்க்காரர்கள் அதைப் ‘பண்டிதர் தோட்டம்’ என்றே சொன்னார்கள். கரும்பிலும் சோதனைகள் செய்து கண்காட்சிகளில் பரிசு வாங்கினார். சென்னை ஆளுநராக இருந்த ஆர்தர் லாலியே தோட்டத்தைப் பார்க்க வந்தார். 1909-இல் ராவ் சாகிப் பட்டம். நடுவில் புகைப்படக் கலை வேறு! சொந்தமாக மின்சாரத்தில் ஓடுகிற ஓர் அச்சகம் வேறு! அதற்கு லாலி அச்சகம் என்று ஆளுநர் பெயரையே வைத்தார்.

இதெல்லாம் பெரிதில்லை. இனி வருவதுதான் பெரிது.

1912-இல் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் ஆறு இசை மாநாடுகள்! வித்வான்களை வரவழைத்து, உட்காரவைத்து, சோறு போட்டு, இசைக்கணக்கை வாதிக்க வைத்தார். செலவு முழுக்க அவருடையது. அரண்மனையும் ஜமீனும் செய்யவேண்டிய வேலையை ஒரு மருந்துக் கடைக்காரர் செய்தார் என்பதை நினைத்தாலே எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

என்ன வாதம் அது? ச முதல் மேல் ச வரையிலான ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி என்பதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டு சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரம் 22 என்கிறது. பண்டிதர் “இல்லை, 24!” என்றார். ஆதாரத்துக்கு அவர் போனது சிலப்பதிகாரத்துக்கு! அதன் பழைய உரையில் ஏழு சுரங்களுக்கும் அலகு, அதாவது சுருதி அளவு, சொல்லப்பட்டிருக்கிறது: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. விரல் விட்டுக் கூட்டிப் பாருங்கள், 22 வரும். அப்படியானால் சார்ங்கதேவர்தானே ஜெயித்தார்? அவசரப்படாதீர்கள்! கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகைக் குறைத்துப் பாடுவது பழந்தமிழர் முறை, குறைத்த அந்த இரண்டையும் திரும்பச் சேர்த்தால் 24 என்றார் பண்டிதர். ஸ்தாயியை ராசிச் சக்கரம்போல் பன்னிரண்டு வீடுகளாகப் பிரித்தால், வீட்டுக்கு இரண்டு அலகு. எங்கேயும் மிச்சமில்லை, இடிக்கவும் இல்லை! இதை எல்லா வித்வான்களும் ஒத்துக்கொண்டுவிடவில்லை, இன்றும் விவாதம் உண்டு. ஆனால் கேள்வியைச் சிலம்புக்குள் கொண்டுபோனாரே, அந்த ஒரு காரியத்துக்காகவே அவரைக் கொண்டாடலாம். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் வந்தது 1947-இல். அதற்கு முப்பது வருஷம் முன்பே பண்டிதர் இந்தக் கதவைத் தட்டிவிட்டார்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு. இந்துஸ்தானி இசை அறிஞர் பத்கண்டே போன்ற பெரியவர்கள் கூடிய சபை. பண்டிதர் அங்கேயும் போய்த் தம் சுருதிக் கணக்கை எடுத்துச் சொன்னார். சொன்னது சரிதான் என்று பாடியும் வாசித்தும் காட்டியது யார் தெரியுமா? மகள் மரகதவல்லி உள்ளிட்ட அவர் வீட்டுப் பெண்கள்! நல்ல குடும்பத்துப் பெண் சபையில் பாடலாமா என்று ஊரே முணுமுணுத்த காலம் அது. அந்த வீட்டில் பெண் பிள்ளைக்கும் இசையில் ஆராய்ச்சிப் பயிற்சி!

மறுவருஷம், 1917-இல், கருணாமிர்த சாகரம் முதல் புத்தகம் வெளிவந்தது. எழுதியவரும் அவரே, அச்சடித்ததும் அவர் அச்சகமே, பணமும் அவர் கைப்பணமே. ஒரு முறை அந்தப் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். பக்கம் பக்கமாகக் கணக்கு, அட்டவணை, ராசிச் சக்கரம், நடுநடுவே பழந்தமிழ் நூல் மேற்கோள். பகலெல்லாம் நாடி பிடித்துப் பார்த்த மனிதர் எந்த ராத்திரியில் இவ்வளவையும் எழுதினார்?

பொன்னம்மாள் இந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. 1911-இலேயே காலமாகிவிட்டார். பண்டிதரும் 1919 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அறுபது வயதில் போய்ச் சேர்ந்தார். இரண்டாம் புத்தகம் கையெழுத்துப் பிரதியாகவே நின்றுபோனது.

அதோடு முடிந்ததா? இல்லவே இல்லை! பரோடாவில் பாடிய அதே மரகதவல்லி, அப்பா விட்டுப்போன அந்த இரண்டாம் புத்தகத்தை 1946-இல் அச்சேற்றினார். மகன் வரகுண பாண்டியன் பழைய யாழைத் துருவி ஆராய்ந்து ‘பாணர் கைவழி’ என்று தனி நூலே எழுதினார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்து, சுருதிகளின் நுண்ணலகுகளைப் பற்றி எழுதிய தனபாண்டியன் யார் தெரியுமா? பண்டிதரின் பேரன்!