வயிற்றுக்குள் படம் வரையும் ஒலி… தெரியுமா?

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனுக்கு மூத்த உறவுக்காரர் யார் தெரியுமா? இரும்பில் விரிசல் தேடும் கருவி! ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவராக இருந்த இயன் டொனால்டு, 1955-ல் அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்து ஊரான ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்கே போய்விட்டார். ஒலியை அனுப்பி உலோகத்தைச் சோதிக்கும் கருவியை அந்தக் கட்டிகளின் மேல் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டு வேறு! நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலித்தது, சதைக்கட்டி வேறு மாதிரி. அவ்வளவுதான், மனிதருக்குப் பிடித்துக்கொண்டது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் இருவரோடும் சேர்ந்து 1958-ல் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார். மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

நம் காதுக்கு எட்டுவது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியோ பல லட்சம் அதிர்வு! உடலுக்குள் அது நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. எக்ஸ்ரே கதிர் துளியும் கிடையாது. இன்னொரு வேடிக்கை: கருவி ஒலி எழுப்புவது கண நேரம்தான், மீதி நேரமெல்லாம் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. வயிற்றில் தடவும் ஜில்லென்ற ஜெல்? இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும், அதற்காக.

முதல் ஸ்கேனில் கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா, ஒன்றா இரட்டையா, இதயம் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் என்.டி. ஸ்கேன். அப்போது குழந்தை தலை முதல் பிட்டம் வரை 45 முதல் 84 மில்லிமீட்டர்தான்! அந்தப் பொடிக் கழுத்தின் பின்னால் தேங்கியிருக்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். அது கூடுதலாக இருந்தால் டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றுக்கு வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், முடிவு அல்ல. அதற்கு அடுத்தகட்டப் பரிசோதனை உண்டு.

ஐந்தாம் மாத ஸ்கேன்தான் பெரியது. மூளை, முதுகெலும்பு, உதடு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், கை கால், நஞ்சுக்கொடி இருக்குமிடம் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். வயிற்றுப் பகுதியில் ஒரு கறுப்புக் குமிழ் தெரியும். குழந்தை விழுங்கிய நீர் அது! அந்தப் பனிக்குட நீரில் பெரும்பகுதி எது தெரியுமா? குழந்தையின் சிறுநீர்! குடிக்கிறது, கழிக்கிறது, மறுபடி குடிக்கிறது. நீர் குறைந்தால் டாக்டர் சிறுநீரகத்தையும் ஏன் உற்றுப் பார்க்கிறார் என்று இப்போது புரிகிறதா?

கடைசி மாதங்களில் டாப்ளர். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டுவது. 1842-ல் கிறிஸ்டியன் டாப்ளர் இரட்டை நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி எழுதியபோது சொன்ன தத்துவம்தான் இதற்கு அடிப்படை. நட்சத்திரத்திலிருந்து தொப்புள்கொடிக்கு!

முகம் காட்டும் 3டி படம் ஆல்பத்துக்கு அழகு. ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றை முடிப்பது பழைய கறுப்பு வெள்ளைப் படம்தான். அதிலும் எல்லாக் குறையும் தெரிந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேனாவது எடுக்கச் சொல்கிறது. தள்ளிப்போடாதீர்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தியாவில் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், சொல்லச் சொல்லிக் கேட்பதும் குற்றம்.