உங்களுக்குத் தெரியுமா? ஒரே பெயர், இரண்டு பூமிகள்!

● மின்னல் வேக நாயகன் ‘ஃப்ளாஷ்’ ஒருவரல்ல! 1940-இல் அறிமுகமான முதல் ஃப்ளாஷின் இயற்பெயர் ஜே கேரிக். சிறகு பொருத்திய உலோகத் தொப்பிதான் அவருடைய அடையாளம்.

● 1956-இல் டிசி காமிக்ஸ் அதே பெயரில் புதிய நாயகனைப் படைத்தது. அவர் காவல்துறை விஞ்ஞானி பாரி ஆலன். தான் படித்த காமிக்ஸில் வந்த ஜே கேரிக்கை நினைத்தே அவர் அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கிறார்.

● 1961-இல் வெளியான ஒரு கதையில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஜே கேரிக் கற்பனைப் பாத்திரமல்ல, இன்னொரு பூமியில் வாழும் நிஜ மனிதர் என்பது அங்கேதான் பாரிக்குத் தெரியவருகிறது.

● இரண்டு பூமிகளும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால், அதிரும் வேகம் வெவ்வேறு என்பதால் ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரிவதில்லை. பாரி தன் உடலை அதிரவைத்து எல்லையைக் கடக்கிறார்.

● இந்தச் சந்திப்பை எழுதியவர் கார்ட்னர் ஃபாக்ஸ். 1940-இல் ஜே கேரிக்கின் முதல் கதையை எழுதியவரும் அவரே!

● டிசியின் பல்லுலகக் கதைகள் பெருகியது இந்த ஒரு கதையிலிருந்துதான். 1985-இல் தொடங்கிய 12 இதழ்த் தொடரில் அந்த உலகங்கள் ஒன்றாக்கப்பட்டன. பாரி உயிர்த்தியாகம் செய்தார். அவருடைய சீடர் வாலி வெஸ்ட் அடுத்த ஃப்ளாஷ் ஆனார்.