வளையம் எதை அளக்கிறது?

ரொறன்ரோவுக்குக் கிழக்கே, ஏரிக்கரையில் அமைந்த விட்பி நகரில் ஒரு தமிழ் மாணவி அறிவியற் கண்காட்சிக்குத் தலைப்புத் தேடினால், சமையலறையே முதலில் கைகொடுக்கும். உள்ளியும் மஞ்சளும் வேப்பிலையும் நுண்ணுயிரைக் கொல்லுமா? வினா எளிது. கிடைத்த விடையைப் படிப்பதுதான் கடினம்.

பள்ளி ஆய்வுகூடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில், அகார்க் கூழின்மேல் தீங்கற்ற ஈ.கோலி வகையைச் சீராகப் பரப்புவர். சாறு தோய்ந்த 6 மில்லிமீற்றர் தாள்வட்டை அதன்மேல் இட்டு வெப்பப்பெட்டியில் ஓரிரவு வைத்தால், வட்டைச் சூழ நுண்ணுயிர் வளராத ஒரு தெளிவளையம் தோன்றலாம். 1966இல் பௌவர், கேர்பி முதலிய ஆய்வாளர்கள் இம்முறையை மருத்துவமனைகளுக்கென வரையறுத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை அளவு அறிந்த தூய மருந்துகள்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுகோல் வகுத்தனர். வளையத்தின் அகலத்தை மட்டும் பார்த்து ஒரு மருந்தைவிட இன்னொன்று வலியது என்று கூற அம்முறை இடந்தருவதில்லை. கண்காட்சியில் மாணவர் வைக்கும் விளக்க அட்டைகளிலோ மூன்று சாறுகளுக்கு முதலிடம், இரண்டாமிடம் வழங்கப்படுவதைக் காண்கிறோம்.

வளையம் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றலோடு, நீர் செறிந்த கூழில் பொருள் பரவிய தொலைவையும் சேர்த்தே காட்டுகிறது. உள்ளியின் அல்லிசின் சிறிய மூலக்கூறு, எளிதிற் பரவும். மஞ்சளின் குர்க்குமின் நீரில் ஏறத்தாழக் கரையாது. வட்டின் விளிம்பில் கறையாய்த் தங்கிவிடும். வளையம் இல்லை என்று மஞ்சளைத் தள்ளுவது பிழை. பாட்டியின் சொல்லைக் காக்க அதற்கு வெற்றி எழுதுவது அதனினும் பெரும்பிழை.

சாறு எடுக்கும் முறையும் முடிவை மாற்றும். 1944இல் கவாலிட்டோவும் பெய்லியும் பிரித்தெடுத்த அல்லிசின், நசுக்காத முழு உள்ளிப்பல்லில் இல்லை. பல்லை நசுக்கும்போது அல்லீன் என்னும் பொருளும் ஒரு நொதியமும் கலந்தே அது பிறக்கிறது. நசுக்குமுன் வேகவைத்தால் நொதியம் அழிந்துபோகும். எத்தனாலில் எடுத்த சாறாயின், எத்தனாலே வளையம் தரக்கூடும் என்பதால், அதை மட்டும் தோய்த்து, அதே அளவு உலர்த்திய வட்டொன்றும் தட்டில் இருக்கவேண்டும். அது இல்லாத அட்டைக்கு நடுவர் மதிப்பெண் குறைத்தால் நான் வருந்தமாட்டேன்.

சாற்றிலிருந்து ஒரு பொருளைத் தனியே பிரித்துப் பார்ப்பதும் எப்போதும் போதாது. நம் மரமஞ்சளிலும், ஒன்ராறியோவின் தென்மேற்குக் காடுகளில் அருகிய கோல்டன்சீல் செடியிலும் பெர்பெரின் என்னும் நுண்ணுயிரெதிர்ப் பொருள் உண்டு. ஸ்டாபிலோகொக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா இப்பொருளைத் தன் கலத்திலிருந்து வெளியேற்றிவிடும். ஆனால் பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் செடிகள் சில, அவ்வெளியேற்றத்தைத் தடுக்கும் துணைப்பொருளையும் தாமே ஆக்குகின்றன என்று 2000இல் ஸ்டெர்மிட்ஸ், லூயிஸ் குழுவினர் காட்டினர். பெர்பெரினைத் தூய்மையாக்குகையில் அத்துணை நீங்கிவிடும். ஆகவே முழுச்சாற்றையும் பிரித்த பொருளையும் அருகருகே வைத்து, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவைத் தொடர்நீர்ப்பினால் காண்பதே அம்மாணவிக்குத் தகுந்த அடுத்த ஆய்வு.