பழைய மின்கிதாரைப் பேணுதல்

கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியில் பழம்பொருள்களுக்குக் குறைவில்லை. யூதத் தெருவின் கடைகளில் அவை அடுக்கடுக்காக இருக்கக் காணலாம். ஆயினும் பழம்பொருளை வைத்திருப்பது வேறு. அதைப் பேணுவது வேறு. இவ்வூரில் வாழும் நாம் இதனைக் கற்றது ஒரு மின்கிதாரின் வாயிலாக.

காலஞ்சென்ற நம் தமிழ் நண்பர் ஒருவர் திருமண வீடுகளில் வாசித்து வந்த வாத்தியம் அது. வெளி மாநிலத்தில் பணிபுரியும் அவருடைய மகன், அதனைச் செப்பனிடும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார். உறையைத் திறந்தபோது தந்திகளில் துரு. ஒலிபெருக்கியுடன் இணைத்தபோது கரகரப்பைத் தவிர வேறொன்றும் எழவில்லை.

மின்கிதார் இயங்கும் முறை யாது? வீணையில் பலாமரக் குடம் நாதத்தைப் பெருக்குகிறது. மின்கிதாரின் உடலோ பெரும்பாலும் கெட்டி மரம். தந்திகளின் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றித் தலைமயிரைப் போன்று மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் உள்ளன. இவ்வமைப்பே ‘பிக்கப்’. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. அதனைப் பெருக்கியே கேட்கிறோம். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இம்முறைக்கு ஜார்ஜ் போஷாம்ப் 1937இல் காப்புரிமை பெற்றார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் கருநாடக இசையின் கமகங்களை எழுப்பியதும் இத்தகைய மின்வாத்தியத்தில்தான்.

கடற்காற்றின் உப்பும் ஈரமும் இதற்குப் பெரும்பகை. பிக்கப்பின் கம்பி அரித்து எங்கேனும் அற்றால் ஒலி நின்றுவிடும், புதிதாகச் சுற்றவேண்டும். நல்லவேளையாக, நம் கிதாரில் கம்பி அறவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் தூசியும், இணைப்புத் துளையில் களிம்பும் படிந்திருந்தன. ஈயப்பற்று ஒன்று விட்டிருந்தது. இவ்வளவே குறை.

ஆயினும் பழுதுபார்ப்பவர் ஒருவர், மேற்பூச்சைச் சுரண்டிப் புது மெருகிட்டு, மின்பாகங்கள் அனைத்தையும் மாற்றிவிடலாம் என்றார். நாமும் இசையவிருந்தோம். அப்போது தண்டியின் பின்புறம் கண்ணிற்பட்டது. நண்பரின் கட்டைவிரல் பல்லாண்டு தேய்த்த இடத்தில் பூச்சு நீங்கி மரம் வழவழப்பாக இருந்தது. அதனைச் சுரண்டினால் மீண்டும் பெறுவது எங்ஙனம்? ஆகவே, துடைக்கவேண்டியதைத் துடைத்து, பற்றவேண்டியதைப் பற்றி, தந்திகளை மட்டும் மாற்றினோம்.

பழைய பாகம் ஒன்றை மாற்ற நேர்ந்தாலும் அதனை எறியாது கிதாருடன் வைத்தல் வேண்டும். தண்டி வளைந்திருப்பின், உள்ளிருக்கும் எஃகுத் தண்டைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகலாகாது. பழைய வால்வு ஒலிபெருக்கியைத் தாமே திறத்தல் ஆகாது. மின்தொடர்பை நீக்கிய பின்னரும் அதனுள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

செப்பனிட்ட கிதாரைத் தொலைபேசியருகே வைத்து மீட்டிக் காட்டினோம். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “அப்பாவுடையதுதான்” என்றார் மகன்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தோர் வீடுகளிலும் உறையிட்ட வீணையோ, ஆர்மோனியமோ பரண்மேல் இருக்கலாம். மழைக்காலத்திற்கு முன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். துடைத்து, இயன்றவரை வாசித்தும் வாருங்கள். வாத்தியத்திற்கு அதனினும் சிறந்த பாதுகாப்பு இல்லை.